பற்றாசும் பற்றவைப்பும்: வண்டித் தகடு ஒட்ட வீட்டுக்கு எந்த மிஷின்?

மலர்க் குழுவினர் இவ்வாண்டும் கட்டுரை கேட்டார்கள். வழக்கம்போல ஏட்டையோ கல்வெட்டையோ பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் நாற்பது ஆண்டுகளாக மும்பை நாக்தேவித் தெருவில் ஸ்பானரும் டிரில்லும் வெல்டிங் ராடும் விற்று வருகிறவன். ஏடு படிப்பதெல்லாம் கடை அடைத்த பிறகுதான். இந்தத் தடவை கடைச் சரக்கைப் பற்றியே எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. நான் விற்ற ஒரு மிஷினால் ஒரு பெரியவருக்குக் கணுக்காலில் தையல் போட வேண்டி வந்தது.

2018 மழைக்காலத்தில் நடந்தது. தாராவியிலிருந்து ஒரு பையன் வந்தான். அப்பாவுக்கு இட்லி வியாபாரம். பாத்திரங்களை ஏற்றிப் போக ஒரு பழைய மாருதி ஆம்னி. கடற்காற்றும் மழையும் இட்லிப் பானையிலிருந்து வழியும் தண்ணீரும் சேர்ந்து வண்டியின் தரைத் தகட்டைத் தின்றுவிட்டன. பட்டறையில் கேட்ட கூலிக்கு ஒரு மிஷினே வாங்கிவிடலாம் என்று பையன் கணக்குப் போட்டிருந்தான். "அண்ணாச்சி, நானே ஒட்டிக்கிறேன், நல்ல மிஷினா குடுங்க" என்றான். (நான் வந்தவாசிப் பக்கத்துக்காரன். ஆனாலும் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கடைக்காரர் என்றால் அண்ணாச்சிதான்.) நல்ல மிஷின் என்றால் பெரிய மிஷின் என்பது அன்றைக்கு என் எண்ணமும். 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் மிஷின் ஒன்றையும், ஒரு பாக்கெட் 12 நம்பர் ராடையும் கட்டிக் கொடுத்தேன். எதை ஒட்டப் போகிறான், அது எத்தனை கனம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பையன் ராடை வைத்தான். எட்டணா அளவு இருந்த ஓட்டை உள்ளங்கை அளவு ஆயிற்று. பயந்துபோய், எங்கேயோ கிடந்த 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை மேலே போட்டுச் சுற்றிலும் ஒட்டிவிட்டான். தடித்த தகடு நன்றாகத்தான் பிடித்தது. அதன் விளிம்பை ஒட்டியிருந்த பழைய மெல்லிய தகடு வெந்து கிழிந்து போயிருந்தது வெளியே தெரியவில்லை. பத்தாம் நாள் அவன் அப்பா பாத்திரத்தோடு வண்டியில் ஏறி நின்றார். தகடு அப்படியே கீழே இறங்க, கால் உள்ளே போயிற்று. மிஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தேன். அப்புறம் மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் குர்லாவில் ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்து, விற்கிற சரக்கின் தொழிலைக் கையால் கற்றுக்கொண்டேன். கீழே எழுதுவது அங்கே கற்றதும், அதற்குப் பின் படித்ததும்.

முதலில் தகட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்க் கார்களின் மேல்தகடு பெரும்பாலும் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர்தான். தரைத் தகடு கொஞ்சம் கூட, ஒரு மில்லிமீட்டர் வரை போகலாம். அடியில் ஓடும் தாங்கு சட்டங்கள் அதற்கும் மேல். கடையில் கேஜ் கணக்கில் சொல்வார்கள். அதில் புதியவர்களுக்கு ஒரு குழப்பம் வரும்: எண் ஏற ஏறக் கனம் குறையும். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. வண்டித் தகடு என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் 20 கேஜ் கொடுப்பேன்.

இரும்புத் தகடு உருகுவதற்கு ஏறத்தாழ 1500 டிகிரி வேண்டும். மின்சார ஆர்க்கின் வெப்பமோ அதைப்போல் பல மடங்கு. கேட்டு, கிரில் செய்கிற 5 மில்லிமீட்டர் பட்டையில் அந்த வெப்பம் உள்ளே பரவிப் போக இடம் இருக்கிறது. முக்கால் மில்லிமீட்டர்த் தகட்டில் போக இடமில்லை. ஒரு நொடி தாமதித்தால் உருகிக் கீழே சொட்டிவிடும். ஆகவே வண்டித் தகட்டுக்கு மிஷின் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை ஆம்பியர் வரை ஏறும் என்பதன்று, எத்தனை ஆம்பியர் வரை இறங்கும் என்பதே. 0.8 மில்லிமீட்டர்த் தகட்டுக்கு 30, 40 ஆம்பியர் போதும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 200, 250 எல்லாம் இந்த வேலைக்கு ஆகாத எண்கள். இறங்குகிற எண் பின்புறத் தகட்டில் எறும்பு எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படியுங்கள்.

இந்த இடத்தில் என் பழைய பழக்கம் விடவில்லை. யாப்பருங்கலக்காரிகையில் அமிதசாகரர் ஆசிடை நேரிசை வெண்பாவுக்கு இலக்கணம் சொல்கிறார். முதற்குறளும் அதன் பின் வரும் தனிச்சொல்லும் ஓசையில் ஒட்டாமல் விலகி நின்றால், நடுவே ஓர் அசையோ இரண்டு அசையோ வைத்துப் பொருத்தலாம். அந்த இணைப்புக்கு ஆசு என்று பெயர். உரைகாரர் குணசாகரர் அதை விளக்கும்போது, ஒன்றோடொன்று சேராத உலோகங்களைப் பற்றாசு வைத்துச் சேர்ப்பதை உவமை ஆக்குகிறார். இருவரும் சமணர்கள், எங்கள் முன்னோர். யாப்பு நூலுக்குள் கொல்லன் பட்டறையைக் கொண்டு வந்தவர்கள்.

பற்றாசு வேறு, இன்று நாம் செய்யும் வெல்டிங் வேறு. பற்றாசில் நடுவே வைக்கும் பொருள் மட்டும் உருகும். சேர்க்கப்படும் உலோகங்கள் இரண்டும் உருகுவதில்லை. நகையில் பொடி வைத்து ஊதுவதும், ஈயப்பற்று வைப்பதும், பித்தளைக் கம்பியால் செய்கிற பிரேசிங்கும் இந்த இனம். வெல்டிங்கில் இரண்டு தகடுகளின் விளிம்பும் உருகி, வைக்கும் கம்பியும் உருகி, மூன்றும் ஒரே குட்டையாகி உறையும். பலம் அதனால்தான். ஆபத்தும் அதனால்தான்: விளிம்பு உருகாமல் ஒட்டு ஏறாது, உருகினால் ஓட்டை விழுந்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் குறுகிய இடத்தில் நிற்கத் தெரிந்த மிஷின்தான் நமக்கு வேண்டியது. ஆசு என்ற சொல்லுக்கே குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு என்பதை நிகண்டு பார்த்தவர்கள் அறிவார்கள்.

இனி மிஷின்களுக்கு வருவோம். ராடு வைக்கும் ஆர்க் மிஷின் மலிவு, கையடக்கம், எங்கும் கிடைக்கும். வீட்டுக் கேட்டுக்கும் மாடிக் கொட்டகைக்கும் அதைவிடச் சௌகரியம் இல்லை. ஆனால் 12 நம்பர் ராடு, அதாவது 2.5 மில்லிமீட்டர் ராடு, ஒழுங்காக எரிய 60 ஆம்பியருக்குக் குறையாமல் கேட்கும். குமிழைத் திருகி 35க்குக் கொண்டு வந்தால் ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டு நிற்குமே தவிர எரியாது. ராடுக்குப் போதுமானது தகட்டுக்கு அதிகம், தகட்டுக்குப் போதுமானது ராடுக்குப் பற்றாது. பையனுக்கு நேர்ந்தது இதுதான். 2 மில்லிமீட்டர் ராடால் தகடு ஒட்டுகிற கைகாரர்களைக் குர்லாவில் பார்த்திருக்கிறேன். முப்பது வருடக் கை அது. புதியவர் அதைப் பார்த்து ஆசைப்படக் கூடாது.

பழைய பட்டறைகளின் வழி கேஸ் வெல்டிங். ஆக்சிஜனும் அசிட்டிலினும் சேர்ந்து 3000 டிகிரிக்கு மேல் எரியும் சுடர். மெல்லிய தகட்டில் இதைப் போல் மிருதுவாகக் கையாளக்கூடியது வேறில்லை என்று மூத்த டிங்கர்கள் இன்றும் சொல்வார்கள். (சென்னையில் டிங்கரிங் என்பதை இங்கே டென்டிங் என்பார்கள்.) பத்மினி டாக்சிகளையெல்லாம் காலங்காலமாக ஓட வைத்தது இந்தச் சுடர்தான். அந்த டாக்சிகள் 2023 அக்டோபரோடு மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்றன. ஆனால் சுடரின் சூடு அகலமாகப் பரவுவதால் தகடு அப்பளம்போல் நெளியும். அதைத் தட்டி நேராக்குவது தனி வித்தை. அதற்கு மேல், அசிட்டிலின் சிலிண்டரைக் குடியிருப்புக் கட்டடத்தில் வைப்பது வேண்டவே வேண்டாம்.

டிக் வெல்டிங் அழகான வேலை. 10 ஆம்பியருக்குக்கூட இறங்கும். ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்பி, தகடு கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும். துருப்பிடித்த ஆம்னிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு செய்கிற காரியம் அன்று.

மிஞ்சுவது மிக் வெல்டிங். இங்கே பட்டறைக்காரர்கள் எல்லோரும் சிஓடூ வெல்டிங் என்பது இதைத்தான். துப்பாக்கி போன்ற டார்ச்சின் விசையை அழுத்தினால் மெல்லிய கம்பி தானாக நீளும், கூடவே வாயு வந்து உருகும் குட்டையைக் காற்றிலிருந்து காக்கும். குறைந்த ஆம்பியரில் கம்பியின் நுனி தகட்டைத் தொட்டுத் தொட்டு உருகுகிறது, நொடிக்கு இருபது முதல் இருநூறு தடவை வரை. சரியாக வைத்திருந்தால் வடைச்சட்டியில் பொரிவது போன்ற சீரான சத்தம் கேட்கும். படபடவென்று வெடித்தாலோ, கம்பி கையை எதிர்த்துத் தள்ளினாலோ அளவு சரியில்லை என்று அர்த்தம். எனக்கு அளவு படிந்தது காதால்தான், குமிழில் போட்டிருக்கும் எண்ணால் அன்று. ஒரு கையால் பிடித்து, அரை நொடி அழுத்தி, விட்டுவிட முடிவதால் புதியவருக்கு இதுவே ஏற்றது.

மிக் மிஷினிலும் இரண்டு வகை உண்டு. வாயு சிலிண்டர் வைத்து வெறுங்கம்பியால் ஒட்டுவது ஒன்று. வாயுவே இல்லாமல், வயிற்றில் மருந்து அடைத்த கம்பியால் ஒட்டுவது இன்னொன்று. இரண்டாவதைச் "சிலிண்டர் வேண்டாம்" என்று சொல்லி விற்பார்கள். நானும் விற்கிறேன். வெட்டவெளியில், காற்றடிக்கும் இடத்தில், சற்றுத் தடித்த இரும்பில் அது நல்லதுதான். மெல்லிய தகட்டில் அந்தக் கம்பி சூடு அதிகம் இறக்கும், பொறி தெறிக்கும், மேலே கசடு படியும். தகட்டு வேலைதான் முக்கியம் என்றால் வாயு வைக்கும் வசதி உள்ள மிஷினாகவே வாங்குங்கள். இரண்டுக்கும் பொதுவான மிஷின் வாங்கினால் ஒன்றை மறக்க வேண்டாம்: வாயுவோடு வெறுங்கம்பி போடும்போது டார்ச் பாசிட்டிவில் இருக்க வேண்டும், மருந்துக் கம்பிக்கு நெகட்டிவில். மாற்றி மாட்டிவிட்டு மிஷினைக் குறை சொல்லித் திருப்பிக் கொண்டு வருகிறவர்கள் மாதம் ஓரிருவர் உண்டு.

வாயுவில் சுத்தமான கார்பன் டை ஆக்சைடு மலிவு. ஆர்கானும் அதுவும் எண்பதுக்கு இருபது என்று கலந்தது விலை கூட. கலப்பு வாயுவில் ஆர்க் அமைதியாக எரியும், தெறிப்பு குறைவு, தகட்டை ஆழமாகத் துளைக்காது. கையில் காசு இருந்தால் கலப்பு. இல்லாவிட்டால் கார்பன் டை ஆக்சைடிலேயே பழகலாம், பட்டறைகளில் பாதி அப்படித்தான் ஓடுகின்றன. கம்பி 0.6 மில்லிமீட்டர் கிடைத்தால் அதுவே உத்தமம், ஆனால் எல்லாக் கடையிலும் இருக்காது. 0.8 எங்கும் கிடைக்கும். உள்ளே கம்பியைத் தள்ளும் உருளையின் பள்ளம் கம்பி அளவுக்குப் பொருந்தியிருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். செம்பு பூசிய கம்பி என்றாலும் மும்பை மழையில் ஒரே மாதத்தில் துரு ஏறும். ஒரு கிலோ சுருள் போடுகிற சின்ன மிஷினானாலும், ஐந்து கிலோ சுருள் போடுகிறதானாலும், வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றிப் பாலிதீன் பையில் கட்டி வைக்க வேண்டும்.

அடுத்தது வீட்டு மின்சாரம். இதை யாரும் கேட்பதில்லை, நானும் முன்பு சொல்வதில்லை. நம் வீடுகளில் 230 வோல்ட், பெரிய பிளக் 16 ஆம்பியர். மிக் மிஷின் 40 ஆம்பியரில் ஒட்டும்போது ஆர்க்கில் ஏறத்தாழ 16 வோல்ட் இருக்கும். பெருக்கினால் 640 வாட். மிஷினின் சொந்த இழப்பைச் சேர்த்தாலும் ஓர் இஸ்திரிப் பெட்டி அளவு. 80 ஆம்பியரில் 18 வோல்ட், இழப்போடு சேர்த்து ஒரு கீசர் அளவு. ஆனால் ஆர்க் மிஷினை 200 ஆம்பியரில் வைத்தால் 28 வோல்ட், 5600 வாட், இழப்போடு 7000 பக்கம். கம்பத்திலிருந்து இழுப்பது 30 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக்கில் அது நடக்காது. எம்.சி.பி. விழும், பழைய சால் வீடுகளில் ஒயரே வெந்துபோகும். ஆகவே வீட்டு மின்சாரம் தரக்கூடியதும், தகட்டு வேலைக்கு வேண்டியதும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருக்கின்றன. நீட்டு ஒயர் போட்டால் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல், சுருளை முழுக்கப் பிரித்துப் போடவும். எர்த் உண்மையாகவே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடவும். பல வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளைதான்.

டியூட்டி சைக்கிள் என்று ஒரு சதவீதம் எழுதியிருப்பார்கள். பத்து நிமிடக் கணக்கு அது. 30 சதவீதம் என்றால் அந்த ஆம்பியரில் மூன்று நிமிடம் ஒட்டி ஏழு நிமிடம் ஆறவிட வேண்டும். தகட்டு வேலையில் நாமே அரை நொடி அரை நொடியாகத்தான் ஒட்டப் போகிறோம், ஆகவே இதற்காக அதிகம் கொடுக்கத் தேவையில்லை. பழுது பார்க்க ஆள் உள்ளூரில் இருக்கிறாரா என்பதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். இன்வெர்ட்டர் மிஷினின் பலகை போனால் சில்லறை மெக்கானிக்கால் ஆகாது. இன்னொன்று, மிஷினுக்குப் பக்கத்தில் கிரைண்டர் போடாதீர்கள். இரும்புத் தூளை விசிறி உள்ளே இழுத்துப் பலகையில் அப்பிவிடும்.

மிஷின் வாங்கிய அன்றே வண்டியில் கை வைக்க வேண்டாம். 20 கேஜ் துண்டுகளில் ஒரு வாரமாவது பழக வேண்டும். கோடு இழுப்பதில்லை, புள்ளி வைப்பது. இங்கே ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, மறுபடி இடைவெளியின் நடுவே ஒன்று. எங்கும் சூடு குவியக்கூடாது. ஓட்டை விழுந்தால் பின்னால் ஒரு செம்புத் தகட்டை அழுத்திப் பிடித்து மூடலாம், செம்பில் இரும்பு ஒட்டாது. துருவை வெட்டும்போது கஞ்சத்தனம் ஆகாது. பளபளக்கும் நல்ல தகடு வரும்வரை வெட்ட வேண்டும். வெந்த தகட்டின் மேல் வைக்கும் ஒட்டு என்ன ஆகும் என்பதை முன்பே சொன்னேன். காற்றாடியை நிறுத்துங்கள், வாயு கலைந்தால் ஒட்டு தேன்கூடு போல் துளை துளையாகும். ஆனால் மூடிய அறையிலும் செய்யாதீர்கள்.

கண்ணுக்கு 9 முதல் 11 எண் வரையுள்ள கண்ணாடி, தானாகக் கறுக்கும் முகமூடியாக இருந்தால் நல்லது. ஆர்க் வெளிச்சம் பட்ட வலி உடனே தெரியாது. ராத்திரி கண்ணில் மணல் கொட்டியதுபோல எழுப்பும். உருளைக்கிழங்கு வில்லை, தாய்ப்பால் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கண் மருத்துவரிடம் போங்கள். துத்தநாகம் பூசிய தகட்டில் பூச்சைச் சுரண்டாமல் ஒட்டினால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சல் கொடுக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் ஆர்க் வைத்தால் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு பிறக்கும், அந்த டப்பாவை வேலை செய்யும் இடத்துக்கே கொண்டு வராதீர்கள்.

மும்பையில் பழைய வண்டிகள் பல சி.என்.ஜி. சிலிண்டரும் அதன் குழாயும் வண்டியில் இருக்கும்போது பொறி விழும் எந்த வேலையும் கூடாது. உரிமம் பெற்ற ஆளைக் கொண்டு கழற்றிய பிறகே தொடங்க வேண்டும். பெட்ரோல் டாங்கியும் அப்படியே. பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். கம்பளம், ஃபெல்ட், அடிப்பூச்சுத் தார் எல்லாம் உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். ஒருவர் வாளித் தண்ணீரும் தீயணைப்பானும் வைத்துக்கொண்டு வண்டிக்குள் பார்க்க வேண்டும், வேலை முடிந்தும் அரைமணி நேரம் நகரக் கூடாது.

எதை ஒட்டக் கூடாது என்பதும் உண்டு. இப்படிப்பட்ட வண்டிகளில் தனிச் சேசிஸ் கிடையாது, தகடுகளே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், கதவுத் தூண், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், அடிச் சட்டம் இவற்றில் புதியவர் கை வைக்கவே கூடாது. புதிய கார்களின் தூண்களில் உயர்பல எஃகு போடுகிறார்கள், சூடு பட்டாலே அதன் பலம் போய்விடும்.

அந்தப் பையன் மறு வருஷம் திரும்ப வந்தான். இந்தத் தடவை 30 ஆம்பியருக்கு இறங்கும் சின்ன மிக் மிஷின் கொடுத்தேன், வண்டியை நானே போய்ப் பார்த்த பிறகு. நடுத் தரையை அவன் ஒட்டினான். டிரைவர் சீட் போல்ட் இறங்கும் மூலை வெந்திருந்தது, அதைக் குர்லாப் பட்டறைக்கு அனுப்பச் சொன்னேன். "அதையும் நானே பண்ணிடுறேனே அண்ணாச்சி" என்றான். அப்பா உள்ளேயிருந்தே, "அவரு சொல்றதைக் கேளுடா" என்றார். ஒட்டின் அடிப்புறம் பிரைமர் அடிக்காவிட்டால் அடுத்த மழையில் அதே கதை என்பதால், அதை மட்டும் நின்று அடிக்க வைத்துவிட்டு வந்தேன். கம்பி வாங்க இப்போதும் வருகிறான். பாலிதீன் பையை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்கிறான்.